உள்ளத்தில் ஓர் ஏவுதல் வந்தால் என்ன செய்வது? புதிய விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

சபைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் சில மாதங்களிலேயே பலமுறை கேட்டுவிடும் ஒரு வாக்கியம், "கர்த்தர் என்னோட பேசினார்." சாட்சி நேரத்தில் ஓர் அம்மா எழுந்து, "ஜெபம் பண்ணிட்டிருந்தேன், ஆண்டவர் ஒரு பேரை ஞாபகப்படுத்தினார், உடனே போன் போட்டேன்" என்பார். சபையார் அல்லேலூயா சொல்வார்கள். பின்வரிசையில் இருக்கும் புதியவருக்கோ குழப்பம். இவர்களுக்கெல்லாம் காதில் கேட்கிறதா? எனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை? என் விசுவாசத்தில் ஏதாவது கோளாறா?

கோளாறு ஒன்றுமில்லை. அப்படிச் சாட்சி சொல்கிறவர்களில் பெரும்பாலோருக்கும் காதில் எதுவும் கேட்பதில்லை. மனதில் ஓர் எண்ணம் வருகிறது, தள்ளினாலும் போகாமல் நிற்கிறது, ஏதாவது ஒன்றைச் செய்யச் சொல்லி நெருக்குகிறது. அதைத்தான் ஏவுதல் என்கிறோம். சிலர் பாரம் என்பார்கள், சிலர் உணர்த்துதல் என்பார்கள். அப்படி ஒன்று வந்தால் அடுத்து என்ன செய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்ல முயல்கிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரும்பப் பெறக்கூடிய சின்னக் காரியங்களில் வேகமாகக் கீழ்ப்படியுங்கள். திரும்பப் பெற முடியாத பெரிய காரியங்களில் மெதுவாகப் போங்கள். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. பக்கத்துத் தெருவில் படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்க்கப் போவதற்கு மாதக்கணக்கில் யோசிப்போம். வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போவதற்கு ஒரே ஒரு எழுப்புதல் கூட்டத்தில் கை தூக்கிவிடுவோம்.

ஏற்கெனவே சொல்லியிருப்பதற்கு ஏவுதல் தேவையில்லை

தொடங்க வேண்டிய இடம் இதுதான். வீட்டு வேலை செய்யும் அக்காவுக்குச் சம்பளம் பாக்கி இருந்தால், "கொடுக்கலாமா ஆண்டவரே" என்று ஜெபிக்க வேண்டாம். கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்துக்கொள்ளாதே என்று லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறது. அதே வேதத்தின் கடைசிப் பகுதியில் யாக்கோபும் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார். பாகப்பிரிவினையில் அண்ணனோடு பேச்சு நின்றுபோயிருந்தால், மன்னிப்பதற்குத் தனித் தரிசனம் வராது. கடனைத் திருப்பிக் கொடுப்பது, பொய்க் கணக்கை நிறுத்துவது, பெற்றோரைக் கவனிப்பது எல்லாம் இந்த வகைதான்.

தெளிவாகத் தெரிந்ததைச் செய்யாமல் வைத்துக்கொண்டு, தெரியாததைக் காட்டும்படி உபவாசம் இருப்பவர்கள் உண்டு. கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்கலாம். ஆனால் ஆலோசனை கேட்டு வருகிற பலரிடம் ஐந்து நிமிடம் பேசினால், செய்யாமல் விட்ட ஒரு சாதாரணக் கீழ்ப்படிதல் வெளியே வந்துவிடும். அதை முடித்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

ஒரு நேரம், ஒரு நோட்டு

நாளுக்கு ஒரு கால் மணி நேரம் போதும். காலையா இரவா என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. ஷிப்டில் போகிறவருக்கு அதிகாலை ஜெபம் கட்டாயமில்லை. செல்போனை அடுத்த அறையில் வையுங்கள். ஒரு சுவிசேஷத்தையோ நிருபத்தையோ எடுத்து, வரிசையாக, சிறிது சிறிதாக வாசியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறந்து, விரல் விழுந்த வசனத்தை இன்றைக்கான கட்டளையாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். வருடப்பிறப்பு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டை மனதுக்கு ஆறுதல் தரும், சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்து வீடு மாற்றாதீர்கள்.

வாசித்த பிறகு சற்று நேரம் சும்மா இருங்கள். பட்டியல் போட்டு விண்ணப்பம் வைக்க வேண்டாம். சீலோவில் ஏலியிடம் வளர்ந்த சாமுவேலுக்கு மூன்று முறை அழைப்பு வந்தும் அது யாருடைய குரல் என்று தெரியவில்லை. ஏலிதான் கூப்பிடுகிறார் என்று ஒவ்வொரு முறையும் எழுந்து ஓடினான். வயதான ஏலி விஷயத்தைப் புரிந்துகொண்டு, "கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார். ஆலயத்துக்குள்ளேயே படுத்திருந்த பிள்ளைக்கே குரலை அடையாளம் காண ஒரு பெரியவர் தேவைப்பட்டார். புதியவருக்குத் தெரியாமல் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மனதில் நிற்கிற எண்ணத்தைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு வரி போதும். எழுதியதும் பாதி எண்ணங்கள் உதிர்ந்துவிடும். மளிகைச் சாமான் ஞாபகம், ஆபீஸ் கோபம், நேற்றுப் பார்த்த சீரியல் எல்லாம் அதில் சேர்த்தி. மறுநாளும் அதற்கடுத்த நாளும் திரும்பி வருகிறதை மட்டும் அடிக்கோடிடுங்கள்.

எந்த வழியாக வரும்

கனவும் தரிசனமும் வேதத்தில் உண்டு. இன்றும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றாடத்தில் ஏவுதல் அதிகமாக வருவது கண்முன் இருக்கும் ஒரு தேவையின் வழியாக. பெர்சிய ராஜாவின் அரண்மனையில் வேலை செய்த நெகேமியாவுக்கு வானம் திறக்கவில்லை. ஊரிலிருந்து வந்த ஆனானியிடம் எருசலேமின் நிலைமையை விசாரித்தார், அலங்கம், அதாவது நகரத்தின் மதில், இடிந்து கிடக்கிறது என்ற செய்தி வந்தது, உட்கார்ந்து அழுதார். அவருடைய அழைப்பு அந்த அழுகையில்தான் தொடங்கியது.

நம் பக்கத்திலிருந்தே ஓர் உதாரணம். 1902-இல் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வேதநாயகம் அசரியா, ஒய்.எம்.சி.ஏ. செயலராக யாழ்ப்பாணம் போயிருந்தார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு திரட்டி, கடல் கடந்து தமிழ்நாட்டுக் கரைக்கு ஊழியர்களை அனுப்பி வருவதைப் பார்த்தார். எண்ணிக்கையில் எவ்வளவோ பெரிய நம் திருநெல்வேலிச் சபை இப்படி யாரையும் அனுப்பவில்லையே என்று மனது குத்தியது. ஊர் திரும்பிப் பலரோடு பேசினார். 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல் அதன் முதல் பணித்தளம் ஆயிற்று.

கதை அதோடு முடியவில்லை. அசரியா சங்கத்தின் செயலராக இருந்து மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருந்தார். பிறரைப் போ என்று சொல்லும் நான் போகவில்லையே என்ற கேள்வி பிறகு வந்தது. 1909-இல் குருப்பட்டம் பெற்று, நல்ல பதவியை விட்டு, குடும்பத்தோடு தோர்ணக்கல் போனார். தெலுங்கு கற்றுக்கொண்டார். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டது அதன் பிறகுதான். யாழ்ப்பாணத்தில் மனது குத்தியதற்கும் தோர்ணக்கலுக்கு மூட்டை கட்டியதற்கும் நடுவே ஏழு ஆண்டுகள் இருக்கின்றன. குத்தியதும் முதலில் செய்தது, தன் கையில் இருந்த வேலை. பெரிய அடி பின்னால் வந்தது.

ஆகவே உங்கள் நோட்டில் ஒரே ஆள், ஒரே தேவை, ஒரே ஊர் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். ஒரு பிரசங்கத்தில் கேட்டதை அதே வாரம் சம்பந்தமில்லாத ஒருவர் சொல்வதும், வாசிக்கும் பகுதியில் அதே காரியம் வருவதும் உண்டு. அதற்காக எல்லாவற்றிலும் அடையாளம் தேடிக்கொண்டு திரிய வேண்டாம். முன்னால் போகிற லாரியின் நம்பரில் வேத அதிகாரம் பார்ப்பவர்களைச் சந்தித்திருக்கிறேன்.

சின்னக் காரியமா? இன்றே

இப்போது நோட்டில் இருப்பதை இரண்டாகப் பிரியுங்கள். மூன்று கேள்விகள் போதும். இதனால் யாருக்காவது கேடு வருமா? செலவு என்னுடையது மட்டும்தானா? தவறாகப் போனால் சரிசெய்ய முடியுமா? கேடில்லை, செலவு என்னுடையது, சரிசெய்யலாம் என்றால் அது சின்னக் காரியம். அதற்கு உபவாசம் வேண்டாம், பாஸ்டரிடம் கேட்க வேண்டாம், அடையாளம் கேட்க வேண்டாம். அன்றைக்கே செய்துவிடுங்கள்.

கூடப் படித்த ஒருத்தியின் பெயர் காலையிலிருந்து மனதில் வருகிறது. போன் பண்ணுங்கள், அல்லது இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: "அக்கா, இன்னைக்கு ஜெபத்துல உங்க ஞாபகம் வந்துச்சு. நல்லா இருக்கீங்களா?" இதற்கு மேல் ஒன்றும் சேர்க்காதீர்கள். "ஆண்டவர் உங்க கஷ்டத்தைக் காட்டினார்" என்று அனுப்பினால் அவர் பயந்துபோவார். அவர் "நல்லா இருக்கேன்மா" என்று பதில் போட்டால், அதோடு விட்டுவிடலாம், நஷ்டம் ஒன்றுமில்லை. சில வேளைகளில் பதிலாக ஒரு நீண்ட அழைப்பு வரும். அப்போது பேசுவதைக் குறைத்துக் கேளுங்கள்.

அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கும் சபை விசுவாசிக்கு ஒரு பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுபோவது, ஃபீஸ் கட்ட முடியாமல் நிற்கும் பிள்ளைக்கு உங்களால் முடிந்த தொகையை அனுப்புவது, ஆபீஸில் எரிந்து விழுந்ததற்கு மன்னிப்புக் கேட்பது எல்லாம் இந்தப் பக்கத்தில் வரும். பணம் கொடுக்கும்போது குடும்பச் செலவுக்கு வைத்ததைத் தொடாதீர்கள். கணவனோ மனைவியோ இருந்தால் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் பிலிப்புக்கு வந்த கட்டளையைக் கவனித்திருக்கிறீர்களா? சமாரியாவில் பெரிய எழுப்புதல் நடக்கிறது, ஊரே கூடியிருக்கிறது. அந்த நேரத்தில், காசாவுக்குப் போகிற வனாந்தர வழியாய்ப் போ என்கிறது கட்டளை. ஏன், யாரைப் பார்க்க, எவ்வளவு நாள் என்று எதுவும் சொல்லவில்லை. அவர் எழுந்து போனார். அங்கே ரதத்தில் எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவை வாசித்துக்கொண்டு வருகிறார். அப்போதுதான் இரண்டாம் கட்டளை, அந்த ரதத்தோடு சேர்ந்துகொள் என்று. முதல் அடி வைத்த பிறகே அடுத்தது தெரிந்தது. பிலிப்பு சமாரியாவிலேயே உட்கார்ந்து முழுத் திட்டத்தையும் கேட்டிருந்தால் ரதம் போய்விட்டிருக்கும்.

தமஸ்குவில் இருந்த அனனியாவும் இதே வகை, ஆனால் கொஞ்சம் கனமானது. நேர் தெருவுக்குப் போ, யூதாவின் வீட்டில் சவுல் இருக்கிறான் என்று விலாசத்தோடு கட்டளை வருகிறது. பின்னாளில் பவுல் என்று நாம் அறிபவர்தான் இந்தச் சவுல். இந்த ஆள் எருசலேமில் எவ்வளவு பொல்லாங்கு செய்தவன் தெரியுமா என்று அனனியா எதிர்க்கேள்வி கேட்கிறார். ஆண்டவர் கோபப்படவில்லை, பதில் சொல்கிறார். பயத்தைச் சொல்லிவிட்டுக் கீழ்ப்படியலாம். போனவர், தன்னைச் சிறைபிடிக்க வந்தவனைப் பார்த்து "சகோதரனாகிய சவுலே" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். அதன் பிறகு அனனியா பெரிய ஊழியக்காரராக வலம் வந்ததாக வேதத்தில் எதுவுமில்லை. ஒரு வீட்டுக்குப் போனார், கை வைத்து ஜெபித்தார். அவருக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான்.

சின்னதில் பழகாதவருக்குப் பெரியதில் எது தன் ஆசை, எது தேவ ஏவுதல் என்று பிரித்தறிவது கடினம். சைக்கிள் பழகாதவன் கையில் பேருந்துச் சாவியைக் கொடுப்பதில்லை. இந்தப் பகுதியை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

பெரிய காரியமா? நிறுத்தி, சோதித்து, பிறகு

வேலையை விடுவது, திருமணம், சொத்து விற்பது, ஊர் மாறுவது, ஊழியத்துக்கு ஒப்புக்கொடுப்பது, சபை மாறுவது: இவை இரண்டாம் பக்கம். இங்கே பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய மூன்று வரிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். "ஆவியை அவித்துப்போடாதிருங்கள். தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள். எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்." சில சபைகள் முதல் வரியில் நின்றுவிடுகின்றன, சில மூன்றாம் வரியிலேயே உட்கார்ந்துவிடுகின்றன.

முதலில் வேதத்தோடு ஒத்துப்பாருங்கள். ஒரு வசனத்தைப் பிடுங்கி எடுக்காமல், மொத்தமாக. பிள்ளைகளையும் கட்டிய மனைவியையும் தெருவில் விட்டுவிட்டு ஊழியத்துக்கு வா என்று சொல்லும் குரல், தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதவைத்தவருடையது அல்ல.

அடுத்து, அந்த எண்ணத்தின் சுபாவத்தைப் பாருங்கள். இன்றிரவே, இப்போதே, இல்லாவிட்டால் சாபம் என்று துரத்துகிறதா? உங்களைப் பெரிய ஆளாகக் காட்டுகிறதா? யாரிடமும் சொல்லாதே என்கிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் நான் தள்ளியே வைப்பேன். எண்ணங்களை இப்படிச் சோதிக்கும் பழக்கத்தை ஆழமாக ஆராய்ந்தவர், இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா. 1521-இல் பாம்ப்லோனாக் கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த போர்வீரர். வீரசாகசக் கனவுகள் காணும்போது இன்பமாக இருந்தது, ஆனால் முடிந்ததும் மனது வறண்டது. கிறிஸ்துவைப் பின்பற்றிய பரிசுத்தவான்களைப் போல வாழ்வதாக எண்ணியபோது, அந்த எண்ணம் போன பிறகும் மகிழ்ச்சி தங்கியது. இந்த வித்தியாசத்தைக் கவனித்ததுதான் அவருடைய தொடக்கம். பின்னாளில் அவர் வகுத்த விதிகளில் ஒன்று எல்லாச் சபையாருக்கும் உதவும். மனம் சோர்ந்து, இருண்டு கிடக்கும் காலத்தில் முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றாதே என்பது அது. சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும் தூக்கமும்தான். தேவன் பேசிய அமர்ந்த மெல்லிய சத்தம் ஓரேப் மலையில், அதற்கு நாற்பது நாள் கழித்து. ஆகவே களைப்பாக இருந்தால் சாப்பிட்டுத் தூங்குங்கள், பிறகு யோசிக்கலாம்.

பிறகு ஆட்கள். இரண்டு மூன்று பேரிடம் சொல்லுங்கள். உங்களுக்கு ஆமாம் போடுகிற நண்பர்களாக மட்டும் இருக்க வேண்டாம். ஒருவராவது உங்கள் பலவீனம் தெரிந்தவராக இருக்கட்டும். துரோவாவில் மக்கெதோனியா மனிதன் தரிசனம் கண்டது பவுல் ஒருவர். ஆனால் அடுத்த வசனத்தில் "கர்த்தர் எங்களை அழைத்தாரென்று நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" என்று லூக்கா பன்மையில் எழுதுகிறார். கூட இருந்தவர்கள் சேர்ந்து முடிவுசெய்திருக்கிறார்கள், அப்புறம் உடனே கப்பல் ஏறியிருக்கிறார்கள். அதற்கு முன்பு ஆசியாவுக்கும் பித்தினியாவுக்கும் போகப் பார்த்து இரண்டு கதவும் மூடியிருந்தன. மூடிய கதவும் ஒரு பதில்தான். மிஷனரி ஏமி கார்மைக்கேல் சீனாவுக்குப் போக விண்ணப்பித்து, உடல்நிலையால் மறுக்கப்பட்டவர். 1893-இல் ஜப்பான் போய் அங்கும் நோயால் நீடிக்கவில்லை. 1895-இல் இந்தியா வந்தவர், டோனாவூரில் கோயில்களுக்கு விடப்பட்ட குழந்தைகளைக் காக்கும் வேலையில் 1951-இல் இறக்கும்வரை தங்கிவிட்டார். அந்த வேலையும் அவர் திட்டமிட்டது அல்ல. 1901-இல் தப்பி ஓடிவந்த ஒரு சிறுமியோடு தொடங்கியது.

காலம் கொடுங்கள். நெகேமியா கிஸ்லேயு மாதத்தில் செய்தி கேட்டார், நிசான் மாதத்தில்தான் ராஜாவிடம் பேசினார். இடையில் ஏறத்தாழ நான்கு மாதம். ஜெபத்தோடு கணக்கும் போட்டிருக்கிறார் என்று அவருடைய பதிலிலேயே தெரிகிறது. எவ்வளவு நாள் ஆகும், எந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், மரம் யாரிடம் வாங்க வேண்டும் என்பதெல்லாம் கையில் இருந்தது. எருசலேம் போன பிறகும், தேவன் தன் மனதிலே வைத்ததை ஒருவருக்கும் அறிவிக்காமல், இரவில் போய் இடிந்த அலங்கத்தைப் பார்த்துவந்தார். நீங்களும் கணக்குப் போடுங்கள். வேலையை விட்டால் வீட்டு வாடகை எங்கிருந்து வரும் என்று கேட்பது அவிசுவாசம் இல்லை.

இவை எல்லாம் ஒரே வாழ்க்கையில் எப்படிக் கூடிவரும் என்பதற்கு வேலூர் சாட்சி. ஐடா ஸ்கடர் 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா காலத்திலிருந்தே மிஷனரி மருத்துவக் குடும்பம். அதனாலேயே இந்த வாழ்க்கை வேண்டாம், அமெரிக்காவிலேயே இருந்துவிடுவது என்று முடிவுசெய்திருந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-இல் திண்டிவனம் வந்தார். அங்கே ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து, ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். அப்பா மருத்துவர், அவரை அழைத்துப் போங்கள் என்று ஐடா சொன்னார். ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அன்று பெற்றோரிடம் போய், நான் மருத்துவம் படிக்க வேண்டும் என்றார்.

அந்த இரவின் ஏவுதல் தெளிவாக இருந்ததற்காக மறுநாளே அவர் பிரசவம் பார்க்கக் கிளம்பிவிடவில்லை. அமெரிக்கா திரும்பினார், படித்தார், 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூர் வந்து வீட்டின் ஒரு சின்ன அறையில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். 1902-இல் மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்று சி.எம்.சி. என்று நாம் அறிவது அதுதான். தீர்மானம் ஒரே இரவில் வந்தது, தயாரிப்புக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. நம் இளைஞர்களுக்கு இந்தக் கதையின் முதல் பாதியை மட்டும் சொல்கிறோம் என்பது என் மனக்குறை.

பேச்சில் அடக்கம்

வந்ததை மற்றவரிடம் சொல்லும்போது "கர்த்தர் சொன்னார்" என்று தொடங்காதீர்கள். "ஜெபத்தில் எனக்கு இப்படித் தோன்றுகிறது, நீங்களும் ஜெபித்துப் பாருங்கள்" என்று சொன்னால் போதும். முன்னதைச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு மறுக்க இடமில்லை. மறுத்தால் தேவனையே மறுத்ததாக ஆகிவிடுகிறது. குறிப்பாக, ஒரு பெண்ணிடமோ பையனிடமோ போய் "உங்களைத்தான் ஆண்டவர் எனக்குக் காட்டினார்" என்று யாரும் சொல்லக் கூடாது. ஆண்டவர் காட்டியிருந்தால் அந்தப் பக்கத்துக்கும் காட்டுவார்.

பிறர் உங்களுக்குத் தீர்க்கதரிசனம் சொன்னால்? மரியாதையோடு கேளுங்கள், எழுதி வையுங்கள், சோதியுங்கள். அப்போஸ்தலர் 21-இல் அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையால் தன்னைக் கட்டிக்கொண்டு, எருசலேமில் இப்படி நடக்கும் என்றார். சொன்னது உண்மை. அதைக் கேட்டு எல்லாரும் அழுது, போகாதே என்றார்கள். பவுல் போனார். நடக்கப் போவதைச் சொல்வது வேறு, நீ செய்ய வேண்டியது இது என்று முடிவுகட்டுவது வேறு. 1 இராஜாக்கள் 13-ஐயும் ஒருமுறை வாசியுங்கள். பெத்தேலில் அப்பம் புசிக்காதே, தண்ணீர் குடிக்காதே என்று கட்டளை பெற்ற தேவமனிதன், கிழவனான ஒரு தீர்க்கதரிசி "தேவதூதன் எனக்குச் சொன்னான்" என்று பொய் சொன்னதை நம்பி விருந்துக்குத் திரும்பிப் போனான். வழியில் சிங்கம் கொன்றது. வயதும் பட்டமும் உள்ளவர் சொன்னாலும், உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்ததை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இங்கே தயங்காமல் நிறுத்துங்கள்

இன்சுலினையோ காசநோய் மாத்திரையையோ நிறுத்தச் சொல்லும் ஏவுதல், யார் மூலம் வந்தாலும் வேண்டாம். ஜெபியுங்கள், மாத்திரையையும் போடுங்கள்; குணமாகியிருந்தால் பரிசோதனையில் தெரியும், நிறுத்துவதை மருத்துவர் சொல்வார்.

யூடியூப் நேரலையில் கியூ.ஆர். கோட் காட்டி, இந்த நிமிடமே இத்தனை ரூபாய் விதைத்தால் ஆசீர்வாதம் என்று சொன்னால் அந்தத் திரையை மூடுங்கள். விசனமாயும் கட்டாயமாயும் கொடுக்க வேண்டாம் என்பது கொரிந்தியருக்கு எழுதிய சட்டம்.

காதில் உண்மையாகவே குரல் கேட்கிறது, அது உங்களையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்கிறது என்றால், அன்றைக்கே வீட்டாரிடம் சொல்லி மனநல மருத்துவரைப் பாருங்கள். அதேபோல, நாள் முழுவதும் "இதைச் செய், அதைச் செய், செய்யாவிட்டால் நரகம்" என்று எண்ணம் விரட்டினாலும் உதவி தேடுங்கள். அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. பாஸ்டரும் மருத்துவரும் சேர்ந்து கவனிக்க வேண்டியது அது.

தவறவிட்டால், ஒன்றும் வராவிட்டால்

போன் பண்ண வேண்டும் என்று தோன்றியது, பண்ணவில்லை, ஒரு வாரம் போய்விட்டது. இப்போது பண்ணுங்கள். தர்ஷீசுக்குக் கப்பல் ஏறிய யோனாவுக்குக்கூட வார்த்தை இரண்டாந்தரம் வந்தது. அந்த ஆள் இறந்துவிட்டார், நேரம் கடந்துவிட்டது என்றால் ஆண்டவரிடம் அதைச் சொல்லி அறிக்கையிட்டு, அவருடைய குடும்பத்தைப் போய்ப் பாருங்கள். குற்றவுணர்வை மாதக்கணக்கில் சுமந்து திரிவதால் யாருக்கும் பயனில்லை.

ஏவுதல் என்று நினைத்துச் செய்தது எங்கும் போய்ச் சேரவில்லையா? அதையும் நோட்டில் எழுதுங்கள். பலன் தெரியாததால் ஏவுதல் பொய் என்று உடனே முடிவுசெய்ய வேண்டாம். பவுல் மக்கெதோனியா போனபோது தரிசனத்தில் கண்ட மனிதன் அங்கே வரவேற்கவில்லை. ஆற்றங்கரையில் சில பெண்கள் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள், பிறகு பிலிப்பி சிறையில் கால்களை மாட்டிவைக்கும் தொழுமரம் கிடைத்தது. சில வேளை நீங்கள் புரிந்துகொண்டது தவறாகவும் இருக்கலாம். சின்னக் காரியங்களில் பழகுவதன் லாபமே, அப்படித் தவறினால் பெரிய சேதம் இல்லை என்பது.

மாதக்கணக்கில் ஒன்றுமே தோன்றாத காலமும் வரும். அப்போது கடைசியாகத் தெரிந்ததைத் தொடர்ந்து செய்யுங்கள்: வேலைக்குப் போங்கள், ஆராதனையை விடாதீர்கள், கால் மணி நேர வாசிப்பை நிறுத்தாதீர்கள். ஏதாவது தோன்றியே ஆக வேண்டும் என்று மனதைப் பிழிந்தால், தோன்றுவது பெரும்பாலும் உங்கள் ஆசையாகத்தான் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டை உங்கள் நம்பிக்கைக்குரிய ஒருவரோடு உட்கார்ந்து புரட்டுங்கள். எழுதியதில் எது செய்தோம், எது செய்யவில்லை, எது வெறும் ஆசை என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அது சீக்கிரம் தெரிந்துவிடும்.